கழுத்தில் பைனாகுலர் தொங்கிய பறவை மனிதர்



திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்குப் பழவேற்காடு ஏரியைத் தெரியாமல் இருக்காது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டிக் கிழக்கே கடலோரப் பக்கம் போனால், உப்பும் நன்னீரும் கலந்த அந்தப் பெரிய ஏரி வந்துவிடும். இந்த வகை ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி நம் மாவட்டத்திலும் இருக்கின்றன.

குளிர்காலத்தில் அந்தக் கரையில் நின்று பார்த்தால், வெகுதூரத்தில் தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்தக் கோடு மெல்ல நகரும். ஆம்! அவை பூநாரைகள். பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று நெருங்கினால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும். பிறகு எப்படித்தான் பார்ப்பது? நாம் அவற்றிடம் போகாமல், அவற்றை நம் கண்ணருகே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் பைனாகுலர்.

இந்தியாவில் பறவை பார்ப்பது என்றாலே நினைவுக்கு வரும் பெயர் சலீம் அலி. அவருடைய புகைப்படங்கள் பலவற்றில் கழுத்தில் பைனாகுலர் தொங்குவதைக் காணலாம். ஆனால் சிறுவயதில் அவர் கையில் இருந்தது பைனாகுலர் அல்ல, துப்பாக்கி! துப்பாக்கி பிடித்த சிறுவன் பறவைகளின் காவலரான கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

மஞ்சள் கழுத்துக் குருவி

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி மும்பையில் பிறந்தார். பல பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் அவர்தான் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் வேட்டையை வீர விளையாட்டாகக் கருதினார்கள். சிறுவன் சலீமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. கேட்க வேண்டுமா? சிட்டுக்குருவிகளைக் குறிபார்த்துச் சுடுவதே பொழுதுபோக்காகிவிட்டது.

ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பார்ப்பதற்குச் சிட்டுக்குருவி போலத்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் மஞ்சள் தீற்றியது போல ஒரு திட்டு! இது என்ன குருவி? மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்பவருக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து, சிறுவனை அனுப்பி வைத்தார்.

1883-இல் தொடங்கிய கழகம் அது. தயங்கித் தயங்கி உள்ளே போன சிறுவனை மில்லர்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துக் குருவி என்று சொன்னார். அதோடு விட்டுவிடவில்லை. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். நம் நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா என்று சிறுவன் வாய்பிளந்து நின்றான். அந்த ஒரு நாள்தான் அவன் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அவனிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. பார்த்ததைக் குறித்து வைப்பான். குதிரை லாயத்தின் சுவரில் ஒரு பெண் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. வெளியே ஆண் குருவி காவல் இருந்தது. சிறுவன் அந்த ஆணைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் வேறோர் ஆண் வந்து காவலுக்கு உட்கார்ந்தது! அதையும் சுட்டான். மறுபடி ஒன்று வந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள். இதைப் படிக்கும்போது நமக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் துணையை இழந்த பெண் குருவிக்கு அடுத்த துணை எத்தனை விரைவில் வந்து சேருகிறது என்ற உண்மையை, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தேதி போட்டு எழுதி வைத்தான். சுடும் பழக்கம் காலப்போக்கில் குறைந்தது. எழுதும் பழக்கம் கடைசிவரை நின்றது.

வேலை போனது, பறவை வந்தது

சலீம் படிப்பில் முதல் மாணவர் அல்லர். அடிக்கடி தலைவலி வந்ததால் பள்ளிப் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. 1913-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா சென்றார். அங்கும் தொழிலைவிடக் காட்டுப் பறவைகள்தான் அவரை அதிகம் இழுத்தன. திரும்பி வந்து விலங்கியல் பயின்றார். 1918-இல் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார்.

1926-இல் மும்பை வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. முறையாகப் பறவையியல் கற்க வேண்டும் என்ற ஆசையில், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பெரிய பறவையியல் அறிஞரிடம் பயின்றார். 1930-இல் ஊர் திரும்பியபோது பேரிடி காத்திருந்தது. அருங்காட்சியகத்தில் பணம் இல்லாததால் அவர் பார்த்த பதவியையே எடுத்துவிட்டார்கள்!

கையில் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. வேலையும் இல்லை. மும்பையில் வாடகை கொடுத்துக் குடியிருக்க வழியில்லை. கணவனும் மனைவியும் கடலுக்கு அப்பால் கிஹிம் என்ற சிறிய கடலோரக் கிராமத்தில் இருந்த குடும்ப வீட்டுக்குக் குடிபோனார்கள்.

அங்கே வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சலீம் அலி கூடுகளுக்கு எதிரே மறைவிடம் அமைத்து, அதற்குள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். அப்படி அவர் கண்ட செய்தி வேடிக்கையானது. ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கும். கூடு பிடித்திருந்தால் குடிவரும், பிடிக்காவிட்டால் போய்விடும். குடிவந்த பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். உடனே அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண் குருவியை எதிர்பார்க்கும்! இந்த ஆராய்ச்சி அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பாடம் செய்த ஆயிரம் தூக்கணாங்குருவிகளை இழுப்பறையில் வைத்துப் பார்த்தாலும் இந்த உண்மை தெரிந்திருக்காது. பறவை என்ன செய்கிறது என்பதை உயிருள்ள பறவைதான் நமக்குச் சொல்லும்.

சம்பளம் வேண்டாம்!

அந்த நாளில் இந்தியாவில் பல சமஸ்தானங்கள் இருந்தன. அங்கெல்லாம் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்ற சரியான கணக்கு இல்லை. சலீம் அலி ஒரு யோசனை சொன்னார். சம்பளம் தர வேண்டாம். பயணச் செலவும் முகாம் செலவும் கொடுத்தால் போதும், பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். இப்படி 1931-இல் ஐதராபாத் சமஸ்தானத்தில் தொடங்கினார். 1933-இல் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் வந்தார். நம்முடைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், அந்தப் பகுதியின் பறவைகளும் அவர் கணக்கில் சேர்ந்தன. மாட்டு வண்டியும் கூடாரமுமாகக் காடு மேடெல்லாம் சுற்றினார். தெஹ்மினாவும் முகாம்களில் உடனிருந்து உதவினார்.

இந்தக் கணக்கெடுப்புகளிலும் துப்பாக்கி இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. அக்காலப் பறவை ஆராய்ச்சியே அப்படித்தான் நடந்தது. தூரத்தில் பறக்கும் பறவையை இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல படப் புத்தகமும் கிடையாது. எனவே ஒரு பறவையைச் சுட்டு, அளந்து, பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தால்தான் மற்ற அறிஞர்கள் நம்புவார்கள். அறிவியலுக்காக அவரும் அப்படிச் சேகரித்தார்.

இந்த நிலை மாற இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று, பறவையை அருகில் காட்டும் நல்ல பைனாகுலர். மற்றொன்று, பார்த்த பறவை எது என்று சொல்லும் நல்ல புத்தகம். முதலில் பைனாகுலரைப் பார்ப்போம்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

பைனாகுலர் என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தொலைநோக்கிகள். 1608-இல் நெதர்லாந்தில் லிப்பர்ஷே என்ற கண்ணாடிக் கைவினைஞர் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்போதே அந்நாட்டு அரசு, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி ஒன்று செய்து தரச் சொல்லியது! மறு ஆண்டு கலிலியோ தானே ஒரு தொலைநோக்கியைச் செய்து வானத்தைப் பார்த்தார்.

குழாயின் முன்முனையில் பெரிய குவிலென்ஸ் இருக்கும். அது தூரத்துப் பறவையிடமிருந்து வரும் ஒளியைச் சேர்த்து, குழாய்க்குள் ஒரு சிறு பிம்பத்தை உண்டாக்கும். கண்ணருகே இருக்கும் லென்ஸ், பூதக்கண்ணாடி போல அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குவிலென்ஸ் தரும் அந்தப் பிம்பம் தலைகீழாக இருக்கும். இடமும் வலமும் மாறியிருக்கும். நிலாவைப் பார்ப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் கொக்கு தலைகீழாக நின்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

இதற்கு இத்தாலி நாட்டு இக்னேசியோ போரோ வழி கண்டார். இரண்டு முப்பட்டகங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்க்குள் வைத்தார். ஒரு முப்பட்டகம் மேல் கீழைச் சரிசெய்யும். மற்றது இடம் வலத்தைச் சரிசெய்யும். 1854-இல் இதற்கு உரிமம் பெற்றார். இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒளி முன்னும் பின்னும் மடங்கிப் போவதால் நீளக் குழாய் தேவையில்லை. சின்னக் குழாயே போதும். ஆனால் துல்லியமான கண்ணாடி கிடைக்க மேலும் 40 ஆண்டுகள் ஆயின. 1894-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் இவ்வகைப் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டு கண் எதற்கு? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். சிரமம் தெரியும். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் எது முன்னே, எது பின்னே என்று நன்றாகப் புரியும். கிளைகளுக்கு நடுவே இருக்கும் குருவியைக் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும்.

8 x 42 என்றால் என்ன?

பைனாகுலரின் மேல் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். முதல் எண் 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பூநாரைக் கூட்டம் 800 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். 800-ஐ 8-ஆல் வகுத்தால் 100. அதாவது 100 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பது போலத் தெரியும்.

இரண்டாம் எண் 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். லென்ஸ் பெரிதானால் அதிக ஒளி உள்ளே வரும். இப்போது 42-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 5.25 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அது. பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால், கண்ணருகு லென்ஸில் அந்தச் சிறு வட்டத்தை நீங்களே காணலாம். நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். மங்கலான நேரத்தில் விரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ அதிகாலையில்! அப்போது 8 x 21 அளவுள்ள சிறிய பைனாகுலரைவிட 8 x 42 நன்றாகக் காட்டுவதன் காரணம் இப்போது புரிகிறதா?

அப்படியானால் 20 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை வாங்கலாமே என்று கேட்பீர்கள். பறவை பெரிதாகும்போது நம் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும்! தெரியும் பரப்பும் குறுகிவிடும். பறந்து திரியும் குருவியைப் பிடிக்கவே முடியாது. அதனால்தான் பறவை பார்ப்போர் பலரும் 8 அல்லது 10 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

படம் போட்ட புத்தகம்

இரண்டாவது தேவையைச் சலீம் அலியே தீர்த்து வைத்தார். 1939-இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். அவர் மனம் உடைந்தது. ஆனாலும் பணி நிற்கவில்லை. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களும் எளிய குறிப்புகளும் நிறைந்த நூல். இனிப் பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. பைனாகுலரில் பார்க்கலாம், புத்தகத்தில் தேடலாம், பெயரைத் தெரிந்துகொள்ளலாம். ஆசிரியர்கள், மாணவர்கள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் என்று பலரும் பறவை பார்க்கத் தொடங்கினார்கள்.

அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் பன்னாட்டுப் பறவையியல் மாநாடு நடந்தது. தன் சன்பீம் வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் அதிலேயே சுற்றினார். மாநாட்டுக்கு வண்டியில் வந்து இறங்கியவரைப் பார்த்து, இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டாரோ என்று பேசிக்கொண்டார்களாம்! அப்போது அவருக்கு வயது 53.

பைனாகுலருக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த ஆண்டு வந்த உள்ளான்தான் சென்ற ஆண்டும் வந்ததா, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்காகப் பறவைகளை வலையில் பத்திரமாகப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் சலீம் அலி. நாகப்பட்டினம் மாவட்டக் கோடிக்கரையின் சிறப்பை 1962-இல் எடுத்துக் காட்டியவரும் அவரே. 1967-இல் அது சரணாலயம் ஆயிற்று. பின்னாளில் கழகத்தார் அங்கு பல ஆண்டுகள் முகாமிட்டு, பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள்.

அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து, இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றி 10 தொகுதிகள் கொண்ட நூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். முதல் தொகுதி வந்தபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார்! 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. பட்டம் இல்லை என்பதற்காக ஒரு காலத்தில் வேலை கிடைக்காதவருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் தந்தன. பன்னாட்டுப் பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே ஒதுக்கினார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு தன் வரலாற்று நூலை வெளியிட்டார். பள்ளிப் பருவத்தில் சுட்ட குருவியை அவர் மறக்கவில்லை. நூலின் தலைப்பிலேயே அந்தக் குருவி வீழ்ந்ததைச் சொல்லியிருந்தார். 1987-இல், 90 வயதில், காலமானார். 1990-இல் கோவை அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அவர் பிறந்த நவம்பர் 12-ஆம் நாள் தேசியப் பறவைகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நீங்களும் பார்க்கலாம்

பைனாகுலர் கையில் கிடைத்தால் செய்ய வேண்டியவை இவை. முதலில் இரண்டு குழாய்களையும் மடக்கியோ விரித்தோ உங்கள் கண் இடைவெளிக்குச் சரிசெய்யுங்கள். இரண்டு வட்டம் ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, வலக்குழாயில் கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பி வலக்கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிந்தவர்கள் ரப்பர் விளிம்பைக் கீழே மடக்கிவிட்டுப் பார்க்கலாம். பறவையை முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. பைனாகுலரால் சூரியனை ஒரு நொடி கூடப் பார்க்காதீர்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பமும் ஒளியும் பார்வையையே பறித்துவிடும்.

பைனாகுலர் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். குதிரை லாயத்துக் குருவிகளைப் பற்றி எழுதிய சிறுவனிடமும் அது இருந்ததாகத் தெரியவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியிலோ வாசலிலோ கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், பார்த்த பறவை, அது செய்த வேலை நான்கையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகின் வடிவம், வாலின் நீளம், நிறம் இவற்றைக் குறித்துப் படம் வரையுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதிவிட்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் தெருவில் இத்தனை பறவைகளா என்று நீங்களே வியப்பீர்கள்!